மருந்து வைத்தவள்

புதிதாக டாக்டர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் நல்ல குணம் எதையும் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், மாலை போட்டுக்கொண்டு மேடையில் சொல்லுவார்கள். நான் சொல்லப்போவது என் கெட்ட குணத்தைப் பற்றி. நான் ஒரு சந்தேகப் பிராணி. வயிற்றுவலி என்று யாராவது வந்தால், லீவுக்கு வந்த வயிற்றுவலியா என்று முதலில் பார்ப்பேன். மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்றால் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுவேன். ஏற்காட்டில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் டாக்டராக இருந்த காலம் முழுக்க, "அந்தம்மா கிட்டப் பொய் சொன்னாத் தப்பிக்க முடியாது" என்று மலை ஜனங்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். இந்தக் குணம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எண்பதுகளின் நடுவில் ஒருமுறை, ஒன்றும் அறியாத ஒரு பெண்ணை ஜெயில் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தப் பார்த்ததும் இதே குணம்தான்.

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய சமயம். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்த மேஸ்திரி ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பெயர் வேண்டாம், மேஸ்திரி என்றே வைத்துக்கொள்வோம். நாற்பது வயதிருக்கும். காப்பிச் செடியைக் கிளை வெட்டிக் கவாத்து செய்து செய்து முறுக்கேறிய உடம்பு. ஆனால் அன்றைக்கு அவரால் ஜீப்பிலிருந்து இறங்கி நிற்க முடியவில்லை. கால் இரண்டும் கட்டைபோல் இறுகி, முட்டிக்குக் கீழே கருநீலமாகக் கன்றியிருந்தன. ஈறு பஞ்சுபோல் ஊதி, வாயைத் திறந்தாலே ரத்தம்.

பக்கத்தில் அவருடைய அக்கா. பத்தடி தள்ளி, சோறு கொண்டுவந்த தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு ஓர் இளம்பெண். அவள்தான் மேஸ்திரியின் மனைவி. மூத்தவள் காலமான பிறகு செம்மநத்தத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவளை யாரும் கிட்டே வரவிடவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

அக்காக்காரி சுற்றி வளைக்கவில்லை. "டாக்டரம்மா, இவ எந்தம்பிக்கு மருந்து வெச்சுட்டாளுங்க" என்றாள்.

இந்தப் பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். புருஷனை முந்தானையில் முடிந்துகொள்வதற்காகப் பெண்டாட்டி சோற்றில் எதையோ கலந்து கொடுப்பாளாம். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கிவிடுமாம். நான் வழக்கம்போல, அப்படியெல்லாம் ஒரு மருந்தும் இல்லை, தள்ளி நில்லுங்கள் என்று அதட்டினேன். அவள் அசரவில்லை. இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எலி மருந்து. தம்பி பெண்டாட்டியின் அடுப்படிப் பரணில் இருந்ததாம்.

"இதுவும் இல்லாத மருந்துதானுங்களா?" என்று கேட்டாள்.

என் சந்தேகம் விழித்துக்கொண்டது. எலி மருந்தில் ஒரு வகை உண்டு, ரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து சாகும். இங்கே ஒரு மனுஷர் ஈறிலும் தோலுக்கடியிலும் ரத்தம் கசிந்து கிடக்கிறார். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். காப்பிக்கொட்டை மூட்டையை எலி கடிக்கிறது, அதற்காக வாங்கியது என்றாள். வேறு எதற்கு வாங்கினாலும் இதைத்தானே சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகத்தில் பயம்கூட இல்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

அக்காக்காரிக்கு என்னிடமிருந்து ஒரு வார்த்தைதான் வேண்டும். விஷம். போலீஸ் ஸ்டேஷனில் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அவள் குற்றவாளி இல்லை என்று ஆனாலும், பிறந்த ஊரான செம்மநத்தத்தில்கூட அவள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. என் நுனி நாக்கில் அந்த வார்த்தை இருந்தது. பரிசோதனை செய்யாமல் எதுவும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொல்லி, மேஸ்திரியைப் படுக்கையில் சேர்த்தேன்.

ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துப் பார்த்தேன். உறைய வேண்டிய நேரத்தில் ஒழுங்காக உறைந்தது. அந்த எலி மருந்து இல்லை. என் சந்தேகம் போய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. அது இந்த விஷத்தை விட்டு வேறு விஷத்தின்மேல் தாவி உட்கார்ந்தது. இதற்கு முன்பே சேலத்தில் அவர் கால்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பில் ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். எலும்பில் இல்லை, ரத்தத்தில் இல்லை, அப்படியானால் சோற்றில்தானே என்று மனசு கணக்குப் போட்டது.

மறுநாள், வீட்டிலேயே ஒரு காலில் சுற்றிவிட்டிருந்த துணிக்கட்டைப் பிரித்துப் பார்த்தபோது முழந்தாளுக்குக் கீழே நீளமாக ஒரு காயம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சீழ் இல்லை. கத்தி பட்ட புதுக் காயத்தின் விளிம்பும் இல்லை. எப்போது பட்டது என்று கேட்டேன்.

"அது நொம்ப வருசத்துக்கு முந்திங்க. கவாத்துக் கத்தி பட்டது. ஆறித் தழும்பாயிருந்துச்சு, இப்பத் தானா விட்டுப்போச்சுங்க" என்றார் மேஸ்திரி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறின தழும்பு தானாக விட்டுப்போகுமா? காயத்தின் விளிம்பு சொன்னதையும் மறந்து, பெண்டாட்டி கையில் வெட்டுப்பட்டதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக் கதை விடுகிறார் என்றே நினைத்தேன். யாரைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அப்போது குறுக்கே பேசினாள் அக்காக்காரி. தம்பி சொல்வது நிஜம், மூத்தவள் உயிரோடு இருந்தபோதே பட்ட காயம், தானே மஞ்சள் அரைத்துப் போட்டதாகச் சொன்னாள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த மனைவிமேல் பழி போடத் துடித்துக்கொண்டிருந்தவள் அவள். புதுவெட்டு என்று ஒப்புக்கொண்டிருந்தால் அவள் கட்சிக்குத்தான் லாபம். இருந்தும் உண்மையைச் சொன்னாள். சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் ஒரு விதி சொல்லுவேன்: தன் கட்சிக்கு நஷ்டமான சாட்சியை ஒருவர் தானாகச் சொன்னால், அதை நம்பு. நான் நம்பினேன். ஆகவே, வருஷக்கணக்கில் ஆறிக்கிடந்த தழும்பு தானாகவே விட்டிருக்கிறது. அதைச் செய்யக்கூடிய விஷம் எது?

யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு விஷம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஓர் இல்லாமை உண்டு.

கொலாஜன் என்று படித்துவிட்டுப் பரீட்சையோடு மறந்திருப்பீர்கள். உடம்பின் நார் அது. தோல், ஈறு, தசைநார், ரத்தக்குழாயின் சுவர், எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பது அதுதான். எலும்பு என்றால் வெறும் சுண்ணாம்பு என்று நினைக்கிறோம். மலையில் பழைய வீட்டுச் சுவர் இடிந்து கிடந்தால் நின்று பாருங்கள். மூங்கில் தப்பையை நிறுத்தி, குறுக்கே நாரால் கட்டி, அதன்மேல்தான் மண் பூசியிருப்பார்கள். எலும்பில் சுண்ணாம்பு அந்த மண். கொலாஜன் தப்பையும் கட்டும். தப்பை இற்றுப்போனால் மண் எத்தனை கனமாக இருந்து என்ன? எக்ஸ்ரே மண்ணைக் காட்டும், தப்பையைக் காட்டாது. சேலத்துக்காரர்கள் பொய் சொல்லவில்லை.

தழும்பைப் பற்றி இன்னொன்று. முடிந்துபோன வேலை என்று நாம் நினைக்கிறோம். அது முடிவதே இல்லை. மேலே இறுகிக் கிடந்தாலும் உள்ளே பழைய நார் கரைந்துகொண்டும் புது நார் ஏறிக்கொண்டும் இருக்கும். புது நார் முறுக்கேற வேண்டுமென்றால் வைட்டமின் சி வேண்டும். அது மாதக்கணக்கில் உள்ளே போகாவிட்டால் நார் தொளதொளத்துப் போகும். ஈறு ஊதும். ரத்தக்குழாய் கசியும். எலும்பைச் சுற்றியுள்ள சவ்வுக்கடியில் ரத்தம் இறங்கிக் கால் ஊன்ற முடியாதபடி வலிக்கும். கடைசியில், என்றைக்கோ ஆறிய காயம் மறுபடி வாய் திறக்கும். ஸ்கர்வி. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்காகப் போனவர்களுக்கு வந்த நோய் என்று புத்தகத்தில் இருக்கும்.

அதை நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. வார்டு ஜன்னலைத் திறந்தால் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஆரஞ்சு மரம். கொய்யா விழுந்து அழுகிக் கிடக்கும். இந்த ஊரில் ஸ்கர்வியா? குளத்து மீனுக்குத் தாகம் என்றால் யார் நம்புவார்? மேஸ்திரியின் காலில் இருந்த மயிரைக் கிட்டே பார்த்தேன். ஒவ்வொன்றும் சுருண்டு, அடியில் சிவப்புப் புள்ளி. புத்தகத்தில் இருந்தது இருந்தபடி. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, எல்லாம்தான் என்றார். நான் விடுவேனா? அன்றைக்கு முழுக்க அந்தப் படுக்கைமேல் கண் வைத்தேன். மனைவி காலையில் கொண்டுவந்த தூக்குப்போசி திறக்கப்படாமலே திரும்பிப் போனது. மத்தியானமும் அப்படியே. பின்பு அவர் தலைமாட்டில் இருந்த துண்டை உதறச் சொன்னேன். உள்ளே டீக்கடை பன். அக்கா வாங்கிக் கொடுத்தது. பிடி கிடைத்ததும் நெருக்கிக் கேட்டேன், விஷயம் வெளியே வந்தது. பெண்டாட்டி மருந்து வைத்துவிட்டாள் என்று சந்தேகம் வந்ததும், அக்கா அவரை அடிவாரத்தில் மருந்தெடுக்கிற ஆள் ஒருவரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். அந்த ஆள் ஏதோ குடிக்கக் கொடுத்து வாந்தியெடுக்க வைத்து, மிச்சமுள்ள மருந்து உடம்பில் ஏறாமலிருக்கப் பத்தியம் சொல்லியிருக்கிறார். பழம் கூடாது, கீரை கூடாது, எலுமிச்சை, புளி எதுவும் கூடாது. புளிப்புப் பட்டால் மருந்து கரைந்து ரத்தத்தில் கலந்துவிடுமாம். அன்றிலிருந்து நாலைந்து மாதமாகப் பன், டீ, அக்கா வைத்த வெறும் அரிசிக் கஞ்சி.

கோர்த்துப் பாருங்கள். சந்தேகத்தால் பத்தியம். பத்தியத்தால் நோய். நோய் முற்ற முற்ற, பார்த்தாயா மருந்து வேலை செய்கிறது என்று சந்தேகம் கூடும். கூடினால் பத்தியம் இறுகும். நான் பட்ட சந்தேகமெல்லாம் இதற்கு முன்னால் பிள்ளை விளையாட்டு.

முதன்முதலில் இந்தச் சந்தேகம் எதனால் வந்தது என்று கேட்டேன். அவளே தன் வாயால் குழாயடியில் சொன்னாள், நாலு பேர் கேட்டார்கள் என்றாள் அக்காக்காரி. மனைவியை உள்ளே கூப்பிட்டேன். அவள் மறுக்கவே இல்லை.

"ஆமாங்க, சொன்னேன். அவுங்களுக்கு அப்ப நெஞ்சுல சளிங்க. கசாயம் காச்சி மூடி வெச்சிருந்தேன். 'எங்க ஊட்டுக்காரருக்கு மருந்து வெச்சிருக்கறேன், நேரமாச்சு, போறேன்'னு சொல்லிட்டுக் கொடத்தைத் தூக்குனனுங்க. அவ்வளவுதானுங்க."

அக்காக்காரி, "அப்படியுஞ் சொல்லுவா, இப்படியுஞ் சொல்லுவா" என்று முணுமுணுத்தாள்.

என் அலமாரியில் வைட்டமின் சி மாத்திரை டப்பா டப்பாவாக இருந்தது. கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் ஈறு ரத்தம் நிற்கும். ஆனால் டப்பாவைக் கையில் எடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஆஸ்பத்திரியில், அவள் கைச்சோறு படாமல், என் மாத்திரையில் இவர் குணமானால் மலை முழுக்க என்ன சொல்லும்? "அவ கையில திங்காம இருந்தான், பொழச்சுக்கிட்டான்" என்றுதானே சொல்லும்? நோய் போய்விடும், பழி கெட்டியாகிவிடும். போலீஸுக்குப் போகாவிட்டாலும் அவளை அடித்துத் துரத்துவார்கள். அவளைக் காப்பாற்ற வேண்டுமானால் மருந்து அவள் கையால்தான் போக வேண்டும். அதற்காக மாத்திரையை நிறுத்தி வைத்தால், இவர் இதயம் திடீரென்று நின்றாலும் நிற்கும், ஸ்கர்வியில் அப்படி நடப்பதுண்டு. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு அப்போது கேட்க ஆளில்லை. டப்பாவைத் திரும்ப வைத்தேன். மூன்றாம் நாள் காலைவரை பார்ப்பது, துளி மோசமானாலும் ஊசி போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

எல்லோரையும் வார்டுக்குள் கூப்பிட்டேன். மேஸ்திரிக்கு இனிமேல் ஆஸ்பத்திரி மருந்து கிடையாது, அவர் மனைவிதான் மருந்து வைப்பார் என்று சத்தமாகச் சொன்னேன். அக்காக்காரியின் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை. மனைவி பழக்கூடையோடு வந்து, எல்லோரும் பார்க்க ஆரஞ்சைப் பிழிந்து டம்ளரை நீட்டினாள். மேஸ்திரி வாங்கவில்லை.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி" என்றாள் அக்காக்காரி.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு வாய் குடித்துக் காட்டினால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அவள் டம்ளரை ஸ்டூல்மேல் வைத்துவிட்டாள்.

"குடிச்சுக் காட்டமாட்டனுங்க" என்றாள். "இத்தன நாளும் ஒரே சட்டியிலதான் ஆக்குனேன். அவுங்க தொடலை, நான் தின்னேன். அதைப் பாத்து நம்பாதவங்க இதைப் பாத்தா நம்பப் போறாங்க?"

எனக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. சாட்சி எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன், அது பத்தடி தள்ளித் தூக்குப்போசியோடு நின்றுகொண்டிருந்தது. அவளை வெளிச்சத்துக்கு இழுத்து வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு ரோஜா நிறம். கணுக்கால் தந்தம் மாதிரி சுத்தம். மேஸ்திரியின் பக்கம் திரும்பினேன்.

"ஏனுங்க, நல்லாப் பாத்துக்கோங்க. அந்தச் சட்டியில சாப்பிட்டவங்க இப்படி இருக்காங்க. சாப்பிடாத நீங்க அப்படி இருக்கீங்க. விஷம் எதுல இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் அவளுடைய கணுக்காலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். அப்புறம் டம்ளரை எடுத்து, தூக்குத்தண்டனைக் கைதிபோல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குடித்தார்.

அந்த டம்ளரின் அடியில் இருந்த மிச்சத்தை நான் ஒரு பாட்டிலில் ஊற்றி, என் அலமாரியில் பூட்டி வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். டம்ளரை அவள் கையில் கொடுத்தது நான். எலி மருந்துப் பொட்டலம் என் மேஜையில் இருந்தது. ஒருவேளை நான் நினைத்தது தப்பாக இருந்தால்? இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் பாட்டிலில் எடுத்து வைப்பேன். அதற்காக வெட்கப்படமாட்டேன்.

வேளைக்கு வேளை சாறு போனது. அப்புறம் கீரைக் குழம்பு, கொய்யா, நெல்லிக்காய். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துத் துப்பிய எச்சில் வெள்ளையாக இருந்தது. மேஸ்திரி அதை நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். கால்வலி விட்டது. பிறகு கன்றல் மஞ்சளித்து மறைந்தது. தழும்பு ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தது. அக்காக்காரி ஒருநாள் சத்தமில்லாமல் வந்து, எலி மருந்துப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் வீட்டிலும் எலித் தொல்லையாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று மனைவி என் அறைக்கு வந்தாள். கும்பிட்டாள். போகும்போது திரும்பி நின்று சொன்னாள்.

"அலமாரியில எடுத்து வெச்சிருக்கீங்களே, அந்தச் சாறு. இன்னேரம் புளிச்சுப்போயிருக்கும். ஊத்தீருங்க டாக்டரம்மா, நாத்தமடிக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுப் பெண் பழைய குழம்பைக் கொட்டச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிற்கும் இடம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஓர் ஆரஞ்சை உரித்துச் சுளையைக் கொடுத்தாள். மேஸ்திரி வாங்கினார். வாயில் போடுவதற்கு முன்னால் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். விதை இருக்கிறதா என்று பார்த்தாரோ, வேறு எதைப் பார்த்தாரோ, எனக்குத் தெரியாது. அவளும் அதைப் பார்த்தாள். மிச்சப் பழத்தை அவர் மடியில் வைத்தாள். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறினாள். அது செம்மநத்தம் போகிற பஸ்.

காப்பிப் பழம் பறிப்பு முடிந்த பிறகு ஒருநாள் மேஸ்திரி காலைக் காட்ட வந்தார். தழும்பு நல்ல கெட்டியாக, பளபளவென்று இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, போகலாம் என்றேன். போகாமல் நின்றார். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, நானும் நாலு தடவ போய்க் கூப்பிட்டுப் பாத்துட்டேன். வரமாட்டேங்கறா. அவ மனசு மாறி ஊட்டுக்கு வர்றாப்புல ஏதாச்சும் மருந்து இருந்தா வெச்சுக் குடுங்களேன்."

கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். செய்யவில்லை.